எல்லாம் மக்களுக்காக்கும்

வசனம் எழுத வந்திருக்கிற பிள்ளைகள் இப்போது அடிக்கடி பாறசாலைக்கு என்னைத் தேடி வருகிறீர்கள். வரும்போது பழம் வாங்கி வருகிறீர்கள், அந்தப் பழக்கம் நீடிக்கட்டும். உட்கார்ந்ததும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: அந்த மாமியார் தொடரை இத்தனை வருஷம் எப்படி எழுதினீர்கள்? அதில் சொல்லித்தர ஒன்றும் இல்லை. மாமியார் முறைத்தாள், மருமகள் அழுதாள், இடையில் விளம்பரம் வந்தது. எனக்கே பாதிக் கதை நினைவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது, ஆரம்பித்த வேகத்திலேயே நின்றுபோன என் நகைச்சுவைத் தொடரைப் பற்றி. அதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

கேமராவை எங்கே வைத்தோம், ஒரு எபிசோடுக்கு எத்தனை சீன் என்பதெல்லாம் உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். ஷாட் ரெடி என்று ஒரு பக்கம் கத்திக்கொண்டிருக்கும்போது இன்னொரு பக்கம் ஒரு மனிதர் வந்து நின்று, "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எந்தக் கல்லூரியிலும் பாடம் கிடையாது. நான் சொல்லப்போவது அந்த ஒரு பதிலைப் பற்றி.

தொடரின் கதை சின்னது. பதவி போயும் பந்தா போகாத ஒரு முன்னாள் மந்திரி. அவர் மனைவி. அப்பாவின் நாற்காலி தனக்குத்தான் என்று தனித்தனியே முடிவு செய்துவிட்ட இரண்டு மகன்கள். இவர்களைப் பாதுகாக்க ஒரு மெய்க்காவலர். எங்கள் பக்கத்தில் அவரைக் கன்மேன் என்போம், கையில் கன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எங்கள் கன்மேனிடம் குடைதான் இருந்தது. இந்தக் குடும்பத்தைத் தாக்க வேண்டும் என்று வெளியே ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆகவே அவர்களை அவர்களிடமிருந்தே காப்பாற்றுவதுதான் அவருடைய வேலை. சாப்பாட்டு மேஜையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் நிற்பார். மந்திரிக்குப் பேட்டி கொடுக்கும் ஆசை வந்தால் மைக்கை வாங்கி ஒளித்துவைப்பார்.

சேனல் சென்னையில் இருந்தது. அங்கே கிரியேட்டிவ் ஹெட் என்று ஒரு தம்பி. வீடியோ காலில் வந்து, "மேடம், மண் வாசனை வேணும்" என்றார். தெற்கத்திப் பேச்சுக்கு அப்போது சென்னையில் நல்ல கிராக்கி. எங்கள் ஊர் கேரளத்தில் இருக்கிறது என்றதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. "அப்போ அங்க மலையாளம்தானே பேசுவாங்க?" என்றார். இரண்டும் பேசுவோம், ஒரே வாக்கியத்தில் பேசுவோம் என்றேன். அதற்கும் "சூப்பர் மேடம்" என்றார். வாடினாலும் மலர்ந்தாலும் அவருக்கு அந்த ஒரு சொல்தான்.

மந்திரி எந்தக் கூத்தை அடித்தாலும் கடைசியில் நெஞ்சில் கைவைத்து ஒரு வரி சொல்வார். அதையே தலைப்பாகவும் வைத்தேன். "எல்லாம் மக்களுக்காக்கும்."

இந்த வரியை உங்களுக்குக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் "ஆக்கும்" என்றால் சத்தியம் செய்கிற மாதிரி. "இது எனக்க வீடாக்கும்" என்றால் என் வீடேதான், சந்தேகம் வேண்டாம் என்று அர்த்தம். சென்னையில் அதே சொல்லை இழுத்துச் சொன்னால் நக்கல். "பெரிய இவராக்கும்" என்பார்கள். அடுத்து "மக்கள்". தமிழில் மக்கள் என்றால் ஜனங்கள். மலையாளத்தில் மக்கள் என்றால் அவரவர் பெற்ற பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் ஒரே ஆளைச் செல்லமாகக் கூப்பிடுவதும் மக்கா, மக்களே என்றுதான். ஆக, என் மந்திரி வாயைத் திறந்தால் பாறசாலைத் தமிழனுக்கு "எல்லாம் ஜனங்களுக்குத்தான்" என்று கேட்கும். நெய்யாற்றின்கரை மலையாளிக்கு "எல்லாம் எனக்குப் பிறந்ததுகளுக்குத்தான்" என்று கேட்கும். எங்களில் பாதிப்பேர் இரண்டும் அறிந்தவர்கள், அவர்களுக்கு முதலில் ஒன்றும் அப்புறம் மற்றதும் கேட்டு, சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வரும். சேனலின் வக்கீல்கள் வரியைப் பார்த்து, ஆட்சேபிக்க ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் தமிழில் மட்டும் பார்த்தார்கள்.

கன்மேனுக்கு ஆள் தேடியபோது உடம்பு வளர்த்த பையன்கள் வரிசையாக வந்து நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார்கள். ஒருவனைப் பார்த்தும் சிரிப்பு வரவில்லை. அந்தச் சமயத்தில் நெய்யாற்றின்கரையில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டியாக நின்றவர் கதவைத் திறந்துவிட்டார். நல்ல உயரம், கனத்த மீசை. ஒருவரையும் முறைக்காமல் எல்லோரையும் கவனிக்கிற கண். நான் கம்மல் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர்கள் என்னைத் தப்பாக நினைத்திருப்பார்கள். அவர் பெயர் தங்கராஜ், அதியன்னூர்க்காரர். கடையில் அவரை எல்லோரும் செக்யூரிட்டி என்றே கூப்பிட்டார்கள். கன்மேனாக நடிக்க வருகிறீர்களா என்று கேட்டேன்.

"எக்கா, எனக்கு நிக்க மட்டும்தான் அறியும்" என்றார்.

"அது போதும்" என்றேன்.

"எனக்க மவ ஜெபா பிளஸ் டூ முடிக்கப் போறா. நர்சிங் படிக்கணும்ணு ஒற்றைக்கால்ல நிக்குதா. இஞ்ச சோலிய விட்டா வேற ஆளு வந்து நிண்ணிருவான். சீரியலு எவ்வளவு நாளு ஓடும்?"

ஒரு வருஷத்துக்குக் குறையாது என்றேன். இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வதுதான் அது, நம்புகிறவர்கள் குறைவு. தங்கராஜ் நம்பினார். ஜெபாவின் படிப்பை அந்த ஒரு வருஷத்தின் மேல் தூக்கி வைத்துவிட்டு, கடைக்குப் போவதை நிறுத்தினார். அன்றிலிருந்து தொடர் ஓடுமா என்கிற கவலை எனக்கு வந்தபோதெல்லாம் அந்தப் பெண்ணின் பெயரும் கூடவே வந்தது.

முதல் நாள் முதல் சீனிலேயே சிக்கல். கன்மேன் முதலில் உள்ளே நுழைந்து அறையைச் சோதிக்க வேண்டும், பிறகு மந்திரி வர வேண்டும். தங்கராஜ் கதவைத் திறந்தார், மந்திரியை விட்டார், மனைவியை விட்டார், மகன்களை விட்டார், டீ கொண்டுவந்த பெண்ணையும் விட்டார். தான் மட்டும் வெளியே நின்றுகொண்டார். எத்தனை முறை எடுத்தும் அப்படியேதான். கைப்பிடியைத் தொட்டதும் கால் வெளியே நின்றுவிடும். டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். நான் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, சீனை மாற்றிவிடலாம் என்றேன். உள்ளே அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள், வெளியே கன்மேன் ஒரு ஈ கூட நுழையாதபடி வாசலைக் காக்கிறார். தொடர் முழுவதும் அதுவே எங்கள் மூலதனமாகிவிட்டது. நடிகருக்கு வராததை மூன்று தரத்துக்கு மேல் கேட்காதீர்கள், பேனா உங்கள் கையில்தானே இருக்கிறது.

ஷூட்டிங் நடந்த வீடு ஒரு உண்மையான அரசியல்வாதியுடையது. ஒரு காலத்தில் பஞ்சாயத்து பிரசிடண்டாக இருந்து இறங்கியவர், ஆனாலும் ஊருக்கு அவர் பிரசிடண்ட்தான். அவர் இல்லாத கமிட்டி அந்த வட்டாரத்தில் கிடையாது. திருவிழாக் கமிட்டி, நூலகக் கமிட்டி, ஒரு டிரஸ்ட் நடத்தும் நர்சிங் கல்லூரியின் கமிட்டி. வீட்டைக் கொடுத்ததோடு நிற்காமல் மத்தியானச் சாப்பாட்டையும் தன் சமையலறையிலிருந்தே அனுப்பினார். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வரும். எனக்குத் தொழில் சொல்லித் தந்த பழைய டைரக்டர் ஒருவர் உண்டு, பெயர் வேண்டாம், சொன்னால் அவருடைய பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். யாரைக் கேலி செய்ய எழுதுகிறாயோ அவர்கள் வீட்டில் கை நனைக்காதே என்பார் அவர். எனக்கு அது நினைவு வரும்போது மீன்கறி இலையில் விழுந்திருக்கும். நன்றாக இருந்தது, இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டேன்.

மந்திரியாக நடித்தவர் நாகர்கோவில் பக்கத்து நாடக நடிகர். நாங்கள் அண்ணாச்சி என்போம். கதர்ச் சட்டை போட்டு அவர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு அம்மா வந்து, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லத் தொடங்கினார். பிரசிடண்டைப் பார்க்க வந்தவர், யாரோ பெரியவர் என்று நினைத்து இவரிடமே சொல்லிவிட்டார். அண்ணாச்சி கடைசிவரை கேட்டார். எத்தனை வீடு, எப்போதிலிருந்து, சின்னக் குழந்தைகள் உண்டா என்று விசாரித்தார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு திருப்தியாகப் போனார். மறுநாள் நாலைந்து பேர் வந்து அண்ணாச்சியைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். "அடுத்த ஷாட்டுக்கு நேரம் இருந்துச்சு, கேட்டேன்" என்றார் அண்ணாச்சி. பிரசிடண்ட் மாடியிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்காதீர்கள், சட்டை மாறினாலும் குழாய் மாறவில்லை.

தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியதும் அந்த வரி ஊரைப் பிடித்துக்கொண்டது. ஆட்டோவின் பின்னால் எழுதினார்கள். டீக்கடையில் கடைசி வடையை எடுத்தவன் சொன்னான். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிவில் செக்ரட்டரி கட்டட நிதியைப் பற்றி அறிவித்தபோது பின்பெஞ்சில் யாரோ மெல்லச் சொல்ல, பாடகர் குழுவே குலுங்கியது. செக்ரட்டரியின் இரண்டு மகன்களும் கட்டட காண்ட்ராக்டர்கள். நான் ஜெபப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. பிரசிடண்டின் மகன் வேட்பாளர்.

ஒருநாள் மத்தியானம் பிரசிடண்ட் கீழே இறங்கி வந்து என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை அவர். சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்கலாம்.

"சேச்சி, ஒரு காரியம் பறையட்டா? ஒண்ணும் நினைக்கப்பிடாது."

"சொல்லுங்க சார்."

"அந்த வசனத்துல மக்கள் வேண்டாம். ஜனங்ஙள் போட்டா மதி."

"தமிழில மக்கள்ணாலும் ஜனங்கதானே சார்."

"அது எனக்கு அறியாதா? ஓட்டு போடுதவனுக்கும் ரெண்டு பாஷையும் அறியும். அதாக்கும் பிரச்சனை. எனக்க மோன் நிக்குத நேரம் பாருங்க."

மறுத்தால் ஷூட்டிங்குக்கு வீடு கிடைக்காது, வேறு வீடு பார்க்கச் சேனலில் சம்மதிக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. சுற்றி நின்ற லைட்பாய்கள் என் வாயைப் பார்த்தார்கள். தங்கராஜ் வழக்கம்போல வாசலில் நின்றார், இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார். கொள்கைக்காக வீட்டைக் காலி செய்து வீரம் காட்டலாம், காட்டியிருந்தால் இன்றைக்கு நீங்கள் எனக்கு இன்னும் கொஞ்சம் பழம் கொண்டுவந்திருப்பீர்கள். நான் ஜனங்கள் என்று மாற்றித் தந்தேன்.

நடந்ததைக் கேளுங்கள். அன்றைக்கு அண்ணாச்சி நெஞ்சில் கைவைத்து, "எல்லாம் ம..." என்று பழைய பழக்கத்தில் தொடங்கிவிட்டார். பின்னால் வாசலில் நின்ற தங்கராஜ் தன்னை அறியாமல் இருமினார். அண்ணாச்சி சுதாரித்து, "ஜனங்களுக்காக்கும்" என்று முடித்தார். டைரக்டர் கட் சொல்ல மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எஜமானைக் கத்தியிலிருந்தும் குண்டிலிருந்தும் காப்பாற்ற வந்த மெய்க்காவலர், கடைசியில் ஒரு சொல்லிலிருந்து காப்பாற்றுகிறார். அதற்கப்புறம் ஒவ்வொரு எபிசோடிலும் அந்த இருமலை வைத்தோம். முன்பு சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்தது, இப்போது முன்கூட்டியே வந்தது.

உதியன்குளங்கரை ஜங்ஷனில் மகனுக்காகப் பிரசிடண்ட் பேசிய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன், தொழில் ஆர்வம். ரோடு, பாலம், பென்ஷன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், "நான் செய்தது எல்லாம்..." என்று மூச்சு வாங்கினார். கூட்டத்தில் ஒருவன் இருமினான். அடுத்தவன் இருமினான். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட இருமினார்கள். மேடையில் இருந்த மகனுக்கு முகம் கறுத்துவிட்டது. பிரசிடண்ட் ஒரு கணம் எல்லோரையும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, நெஞ்சில் கைவைத்து, அண்ணாச்சியைவிட அழகாகச் சொன்னார்: "எல்லாம் மக்களுக்காக்கும்." ஜங்ஷனே கைதட்டியது.

கோபப்படுகிற அரசியல்வாதியைப் பார்த்து எழுத்துக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. கூடச் சேர்ந்து சிரிக்கிறவர் வேறு வகை. அவர் நம்முடைய கையிலிருந்த சாமானை வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்வார், நன்றியும் சொல்வார்.

இரண்டு நாள் கழித்து ஷாட்டுக்கு நடுவில் தங்கராஜ் என்னிடம் வந்தார். ஜெனரேட்டர் வண்டிப் பக்கம் நான் அடுத்த சீனைத் திருத்திக்கொண்டிருந்தேன். அன்று காலையில்தான் கிரியேட்டிவ் ஹெட் பேசியிருந்தார். எல்லைப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிறார்கள் மேடம், சென்னையில் யாருக்கும் இருமல் புரியவில்லை, இன்னும் ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போம், அப்புறம் யோசிப்போம் என்றிருந்தார். கூடவே சூப்பர் என்றும் சொன்னார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"எக்கா, பிரசிடண்ட் கூப்பிடுதாரு."

"எதுக்கு?"

"அவருக்க கூட நிக்கணுமாம். எலக்ஷன் முடியுதது வரை எல்லா மீட்டிங்குக்கும். அதுக்கப்புறமும் வச்சுக்கிடுவாராம்."

"அவர யாரு மக்கா அடிக்கப் போறா?"

"யாரும் அடிக்காண்டாம் எக்கா. என்னக் கண்டா ஆளு கூடுமாம்."

"சீரியலு?"

"விடணுமாம். இண்ணைக்கே பதில் சொல்லணுமாம்." மீசையைத் தடவிக்கொண்டார். "நர்சிங் காலேஜ்ல வருஷா வருஷம் பாவப்பட்ட பிள்ளைகளுக்கு சும்மா ஒண்ணு ரெண்டு சீட்டு குடுப்பாங்கல்லியா. அதுல ஒண்ணு ஜெபாவுக்கு."

அந்தக் கல்லூரியில் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று சில இலவச இடங்கள் உண்டு. யாருக்கு என்று கமிட்டி தீர்மானிக்கும். கமிட்டி என்றால் யார் என்று முன்பே சொன்னேன். ஜெபாவும் மார்க் வாங்கியிருந்த பெண்தான், பாவப்பட்ட வீட்டுப் பெண்தான். கேட்க உரிமை உள்ளவள். ஆனால் அவளைப்போல உரிமை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, தங்கராஜுக்கும் தெரியாது.

"சீரியலு ஒரு வருஷம் ஓடும்ணு எக்கா சொன்னிய. ஓடும்ணா நான் போகல்ல. எக்கா சொல்லுததுதான்."

அந்தப் பக்கம் டைரக்டர் ஷாட் ரெடி என்று கத்தினார். தங்கராஜ் போனால் தொடர் அன்றைக்கே முடிந்தது, வேறு ஒருவரைப் போட்டு அந்த இருமலை இரும வைக்க முடியாது. லைட்பாய்கள், மேக்கப் பெண், அண்ணாச்சி எல்லோருக்கும் ஒரு மாதச் சோறு போகும். தங்கராஜ் நின்றால் ஒரு மாதம் எல்லோரும் சாப்பிடுவோம், அப்புறம் அவர் மட்டும் தெருவில் நிற்பார், நகைக்கடை வாசலில் வேறு ஆள் நிற்பான். ஜெபாவுக்கு அந்த வருஷம் போய்விடும். இதற்கெல்லாம் நடுவில் இன்னொன்றும் என்னைக் குத்தியது. பெற்ற பிள்ளைகளுக்காக எல்லாவற்றையும் வளைக்கிற ஒரு அப்பாவைப் பார்த்து வாராவாரம் ஊரைச் சிரிக்க வைத்தவள் நான். இப்போது ஒரு அப்பா, பெற்ற பெண்ணுக்காக வளையலாமா என்று என்னிடமே கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"போ மக்கா" என்றேன். "சீரியலு ஓடாது. சேனல்ல சொல்லியாச்சு."

இரண்டடி போனவர் திரும்பி வந்தார்.

"எக்காவுக்குக் கோவம் உண்டா?"

"எனக்கென்ன கோவம். பிள்ளையப் படிக்க வை."

ஷாட்டுக்குப் போய் நின்றார். அன்றைய எபிசோடில் அவர் இருமியதுதான் எல்லாவற்றிலும் நன்றாக அமைந்தது.

யூனிட்டில் விஷயம் தெரிந்ததும் டைரக்டர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நானே ஆளை அனுப்பிவிட்டேன் என்று அவருக்குக் கோபம், நியாயமான கோபம். அண்ணாச்சி மட்டும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். கடைசி எபிசோடைக் கன்மேன் இல்லாமல் எழுத வேண்டியிருந்தது. மந்திரி குடும்பம் பாதுகாப்பே இல்லாமல் நெய்யாற்றின்கரைச் சந்தைக்குள் பயந்துகொண்டே நடக்கிறது. மீன்காரி மீன் வெட்டுகிறாள், வாழைக்குலைக்காரர் விலை சொல்கிறார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மந்திரி வேண்டுமென்றே தடுக்கி விழுகிறார். அப்போதும் யாரும் பார்க்கவில்லை. என் வாழ்நாளில் நான் எழுதியதில் நல்ல சீன் அதுதான். சேனலில் அந்த நேரத்துக்குச் சமையல் நிகழ்ச்சியின் மறுஒளிபரப்பைப் போட்டுவிட்டார்கள். கத்தரிக்காய் ரசவாங்கி செய்து காட்டினார்கள்.

தேர்தலில் பிரசிடண்டின் மகன் ஜெயித்தார். என் வரி தமிழ், மலையாளம் இரண்டு எழுத்திலும் போஸ்டராகச் சுவர் சுவராக இருந்தது. தங்கராஜ் சஃபாரி சூட்டில் மேடைக்குப் பின்னால் நிற்பார். அவர் இருமுவதற்கென்றே பிரசிடண்ட் பேச்சில் இடம் விட்டுப் பேசினார், கூட்டம் சிரித்துவிட்டு ஓட்டும் போட்டது. ஜெயித்த மறுநாள் பிரசிடண்ட் எனக்கு போன் செய்து, "சேச்சிக்க கைராசி" என்றார். நான் எழுதிய கேலிக்கு அதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்டிலும் கிடைத்திருக்காது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மனிதர் வாக்குத் தவறவில்லை. வாக்குத் தவறியிருந்தால் எனக்கு எழுத ஒரு கதை கிடைத்திருக்கும், நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஜெபாவுக்கு சீட்டு கிடைத்தது. போ என்று நான் சொன்னது சரிதானா என்று உங்களில் ஒருவர் போனமுறை வந்தபோது கேட்டார். இன்றைக்குத் தங்கராஜ் வந்து கேட்டாலும் போ என்றுதான் சொல்வேன்.

கல்லூரி திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கராஜ் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கேக் வாங்கி வந்திருந்தார்கள். அப்பாவின் உயரம் அப்படியே வந்திருந்தது பெண்ணுக்கு. வெள்ளைக் கோட்டு, ஹாஸ்டல் சாப்பாடு, எலும்புகளின் பெயர்கள் என்று நிறுத்தாமல் பேசினாள். எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போயிற்று. நான் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

"சேர்ந்த அண்ணைக்கு பேடிச்சியா, பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல ஆன்டி. ஆனா ஆபீசுக்கு வெளிய ஒரு பிள்ள நிண்ணு கண்ணீரு விட்டு கரஞ்சிட்டு இருந்தா. லிஸ்டுல பேரு இருந்துச்சேண்ணு அவளுக்க அப்பாவும் கூட நிண்ணு கேட்டுட்டு இருந்தாரு. பெட்டியெல்லாம் கொண்டு வந்திருந்தாங்க. கொஞ்சநேரம் களிஞ்சு பெட்டியத் தூக்கிட்டு திரும்பிப் போயிட்டாங்க. எதுக்குண்ணு தெரியல்ல. ஆன்டிக்குத் தெரியுமா?"

தங்கராஜைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ ஆறுது" என்றேன். "குடி மக்களே."

அவள் குடித்தாள். தங்கராஜ் குடிக்கவில்லை.